117-ஆ

ரீகா நகரின் கிழக்கு ஓரம்,
பைன் மரங்களுக்கு நடுவே ஆய்வகம்.
அங்கே யாரும் பைனை அண்ணாந்து பார்ப்பதில்லை.
அரைத்து, சலித்து,
நூற்றைந்து டிகிரியில் உலர்த்தி
நான்காம் தசமம்வரை எடை போட்ட பிறகே
அதற்கு மரம் என்று பெயர்.

வெல்கா அப்ஸே சேர்ந்தது அறுபத்து மூன்றில்.
அப்ஸே என்றால் அவர்கள் மொழியில் ஆஸ்பென்,
காற்றில்லாத போதும் இலை நடுங்கும் ஜாதி.
"எங்கள் குடும்பத்தில் லிக்னின் குறைவு" என்பாள்.
யாரும் சிரிக்காவிட்டால்
தானே சிரித்துக்கொள்வாள்.

லிக்னின்:
நாரை நாரோடு பிடித்துவைக்கும் பழுப்புப் பிடிவாதம்.
மரம் நிமிர்ந்து நிற்பது அதனால்.
காகித ஆலைக்கோ அது வேண்டாத விருந்தாளி.
கறுப்புக் கஷாயமாய்க் காய்ச்சி இறக்கி
கொதிகலனுக்கே தின்னக் கொடுத்துவிடுவார்கள்.
எல்லோரும் வெள்ளைச் செல்லுலோஸின் பின்னால் போக
இவள் கஷாயத்தின் பின்னால் போனாள்.
பதினோரு வருடம்.
அதில் ஒரு முழு வருடம்
ஒரே ஒரு பிணைப்பு எங்கே முறிகிறது என்று தேடி,
அது முறிவதே இல்லை என்று கண்டு,
அதையும் எழுதினாள்.
மூன்று பக்கம்.

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த தாள் மட்ட ரகம்.
ஐந்தே வருடத்தில் ஓரம் பழுத்தது.
ஏன் பழுக்கும் என்பது
அதே ஏட்டின் எண்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு சோதனை உண்டு.
ஒரு சொட்டு விட்டால்
லிக்னின் இருக்கும் தாள் குங்குமமாய்ச் சிவக்கும்.
கட்சிப் பத்திரிகையின் தலையங்கத்தில் விட்டுக் காட்டினாள்.
தலையங்கம் சிவந்தது, இயக்குநர் வெளுத்தார்.
"பதறாதீர்கள் தோழர்,
வானிலை அறிக்கையும் சிவக்கும்."

தொண்ணூற்றொன்று, ஜனவரி.
டாங்கிகள் வரும் என்றார்கள்.
முழு மரங்கள் ஏற்றிய லாரிகள்
காட்டிலிருந்து வந்து தெருக்களை அடைத்து நின்றன.
சதுக்கத்தில் இரவெல்லாம் நெருப்பு,
சூப், வானொலி, பனி.
மூன்றாம் இரவு, விடிய இன்னும் நேரமிருக்க
அவள் பக்கத்து நெருப்புக்கு விறகு தீர்ந்தது.
குனார்ஸின் காரில் ஆய்வகம் போய்
பெட்டி பெட்டியாய் இறக்கினாள்
இருபத்தெட்டு வருடத்து மாதிரிகள்:
எண்ணிட்ட பிர்ச் கட்டைகள்,
ஒவ்வொன்றும் அ, ஆ என்று ஜோடியாய்.
அ எல்லாம் திரும்பப் பெட்டிக்குள்.
ஆ எல்லாம் நெருப்புக்குள்.
ஈரம் துளியும் இல்லாத கட்டை,
புகையே வரவில்லை.
"நல்ல விறகு, எங்கே வாங்கினீர்கள்?" என்றான்
டிராக்டர் ஓட்டி வந்த ஒருவன்.

அதற்குள் அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன.
குளிரில் உணர்விழப்பதற்கு
மரமாதல் என்று ஒரு மொழி சொல்கிறது,
அவளுக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால் சோதித்திருப்பாள்.

காலையில் சாம்பலை ஒரு கரண்டி
கையுறைக்குள் போட்டு எடுத்து வந்தாள். பழக்கம்.
பதிவேட்டில் அன்றைய குறிப்பு:
"மணல், ஆணி, காலணி ரப்பர் கலந்துள்ளது.
மாதிரி தூய்மையற்றது.
முடிவு ஏற்கத்தக்கதல்ல."

ஆகஸ்டில் நாடு திரும்பக் கிடைத்தது.
சம்பளம் திரும்பவில்லை.
கீழ்த்தளத்தை ஒரு டயர் வியாபாரி எடுத்துக்கொண்டார்.
குனார்ஸ் சுவீடனில் அலமாரி விற்கப் போனான்.
வெல்கா கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டு
தராசின் முன்னால் உட்கார்ந்தாள்.

கடைசி வருடங்களில்
ஊரெல்லாம் துரத்திய வெள்ளைக்கே அவளும் வந்தாள்.
செல்லுலோஸைக் கரைத்து, நீரை நீக்கி, வடிவம் மட்டும் விட்டு
ஒரு நுரைக்கட்டி செய்தாள்.
கட்டி என்பது மரியாதைக்கு,
பெரும்பாலும் அது காற்று.
தராசில் வைத்தால் மூச்சுப் பட்டு நகர்ந்துவிடும்.
அதை எடை போட
அறுபத்தெட்டு வயதில்
மூச்சடக்கப் பழகினாள்.

ஓய்வுபெற்ற வாரம் மாதிரிப் பட்டியலை ஒப்படைக்க வேண்டியிருந்தது.
இல்லாத ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டது படிவம்.
117-ஆ: எரிந்தது.
காரணம்: குளிர்.
118-ஆ: மேற்படி.
119-ஆ: மேற்படி.